யார் கை காட்டியது?

செப்டம்பர் 9, திங்கள்

கோத்தகிரிக்கு வந்து இன்றோடு இருபது நாள். இதுவரை வெயில் என்ற ஒன்றை மொத்தமாக இரண்டு மணி நேரம் பார்த்திருப்பேன். அம்மா போனில், "அங்க குளிருமே ஹெலன், குல்லா போட்டியா?" என்கிறாள். தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும். குல்லாவுக்குள்ளேயே தலை நனைகிறது.

காளான் வளர்க்கும் கட்டடம். உள்ளே எப்போதும் ஒரே குளிர் இருக்க வேண்டுமாம். அதனால் செங்கல் கிடையாது. உள்ளே கூடாக இருக்கும் தெர்மோகோல் பிளாக்குகளைச் சுவர் மாதிரி அடுக்கி, கூட்டுக்குள் கம்பி கட்டி, மேலிருந்து கான்கிரீட்டை இறக்க வேண்டும். அது இறுகியபின் தெர்மோகோலைக் கழற்ற வேண்டியதில்லை, குளிர் வெளியே போகாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், "டிவி பெட்டியில சொருகி வர்ற சாமான்ல வீடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இது நான் தனியாகப் பொறுப்பேற்றிருக்கும் முதல் சைட். இது உருப்படியாக முடிந்தால்தான் அடுத்ததைக் கொடுப்பார்கள்.

சாயங்காலம் முட்டுகளை எண்ணிப் பார்த்தேன். மூலையில் பிளாக்கை வெட்டி ஒட்டிய இடத்தில் நாடா மட்டும் சுற்றியிருந்தார்கள். பிளைவுட் வைத்துத் திருகச் சொன்னேன். ஈரக் கான்கிரீட்டின் கனம் தாங்காமல் அந்த இடம்தான் முதலில் பிய்த்துக்கொள்ளும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பம்ப் வந்துவிட்டது. வாடகைப் பம்ப். கூடவே இரண்டு பேர். ஆபரேட்டர் நல்லசாமி, ராசிபுரத்துப் பக்கம், வயது ஐம்பத்து நாலு. ஓஸ் பிடிப்பவர் இருளப்பன், பரமக்குடிக்காரர், முப்பத்தைந்து இருக்கும். பதினோரு வருஷமாக ஒரே ஜோடி. ஒருவர் டீயை மற்றவர் கேட்காமலே எடுத்துக் குடிக்கிறார்.

பம்ப் கீழே ரோட்டோரம் நிற்கும். அங்கிருந்து எழுபது அடிக்குக் குழாய், அதன் முனையில் ரப்பர் ஓஸ், அது மேலே சாரத்தில் இருளப்பன் கையில். பம்ப் போடும் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. கைச் சைகைதான். மூடுபனி இறங்கிவிட்டால் சாரத்தில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஓஸ் பிடிப்பவருக்கு மட்டும் மஞ்சள் மழைக்கோட்டு, மற்ற எல்லோருக்கும் நீலம். மஞ்சள் கை உயர்ந்தால் பம்ப் ஓடும், குறுக்கே ஆட்டினால் நிற்கும்.

எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன். "பம்ப் நின்னு திரும்ப ஓடுறப்பதான் ஆபத்து. குழாய்க்குள்ள காத்து மாட்டியிருக்கும். அது வெளிய வர்றப்ப ஓஸ் பாம்பு மாதிரி அடிக்கும். இருளப்பன் ஓஸை விட்டுத் தள்ளி நின்னு, அப்புறம் கை தூக்குவாரு. அவர் கையைத் தவிர வேற எந்தக் கையையும் பாக்கக் கூடாது."

நல்லசாமி சொன்னார்: "பதினோரு வருசமா அந்தக் கையத்தானுங்க மேடம் பாக்கறேன். என் பொண்டாட்டி கையக்கூட இவ்வளவு பாத்ததில்லைங்க."

செப்டம்பர் 11, புதன்

விபத்து. இருளப்பனைக் கோவைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு ஆரம்பித்தோம். முதல் சுற்று, நாலு அடி உயரத்துக்கு, சுவர் முழுக்கச் சுற்றி ஊற்றி முடித்தோம். ஒரேயடியாக மேல்வரை ஊற்றினால் தெர்மோகோல் வெடித்துவிடும். அடியில் இருப்பது கொஞ்சம் இறுகக் காத்திருந்து அடுத்த சுற்று. ஆனால் இரண்டாவது லாரி கொண்டையூசி வளைவில் மாட்டிக்கொண்டது. ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியது, இரண்டு மணி நேரமாகிவிட்டது. குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க நல்லசாமி ரிவர்ஸ் போட்டு, உள்ளே நின்ற கான்கிரீட்டைக் கொஞ்சம் பின்னுக்கு, பம்ப் தொட்டிக்குள் இழுத்தார். அப்படி இழுத்தால் காற்று உள்ளே போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதினொன்றே முக்காலுக்கு லாரி வந்தது. மூடுபனியும் தூறலும். கான்கிரீட்டை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டரைப் பிடிப்பவர் டீக்குக் கீழே போயிருந்தார். சாரத்தில் இருந்தது இருளப்பனும் நானும். அவர் குனிந்து, முதல் சுற்று எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓஸ் அவர் கக்கத்தில் இருந்தது. அப்போது பம்ப் ஓடிவிட்டது.

ஓஸ் ஒரே ஒரு தடவைதான் அடித்தது. நெஞ்சில் பட்டு, அவர் சாரத்திலிருந்து ஏழடி கீழே மண்ணில் விழுந்தார். காரை எலும்பு, இரண்டு விலா எலும்பு, தலையில் அடி. இன்னும் நினைவு வரவில்லை.

சைகை வராமலே நல்லசாமி பம்பை விட்டுவிட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 13, வெள்ளி

போலீஸ் வந்தது. வாக்குமூலம் எழுதிக்கொண்டார்கள். "பம்ப விடச் சொல்லி இருளப்பன் கை காட்டுனாரா?" என்று கேட்டார் ஏட்டு. இல்லை என்றேன். "வேற யாராவது காட்டுனாங்களா?" என்றார். இல்லை என்றேன். முதல் பதில் உண்மை.

கையெழுத்துப் போட்டேன். தேதி போட மறந்து, திரும்ப வாங்கிப் போட்டேன்.

நல்லசாமி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "மஞ்சக் கை தெரிஞ்சுதுங்க சார். நல்லாத் தெரிஞ்சுதுங்க" என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் சிவஞானம் சார், "இருளப்பன் குனிஞ்சுகிட்டு இருந்ததா மேடம் சொல்றாங்க. குனிஞ்ச ஆளுக்கு எங்கய்யா கை தெரியும்?" என்றார். நல்லசாமி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. வழி கேட்பவர் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் முட்டுகளைச் சரிபார்க்கப் போய்விட்டேன்.

பம்ப் முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சாயங்காலப் பஸ்ஸில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கேஸ் அவர் பேரில்.

செப்டம்பர் 14, சனி

சிமென்ட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் மாற்றினேன். துணி துவைத்தேன். ஒன்றும் காயவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பாவ அறிக்கை சொல்லும்போது வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் இதைக் கவனித்தாளோ என்று ஆராதனை முடியும்வரை அதே யோசனை. கடவுளைப் பற்றிக் கவலைப்படவில்லை பாருங்கள், அந்த அம்மாளைப் பற்றித்தான்.

இருளப்பனுக்கு நினைவு வந்துவிட்டதாம். ஸ்தோத்திரம். சந்தோஷம் வந்த கையோடு ஒரு பயமும் வந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு.

செப்டம்பர் 17, செவ்வாய்

கோவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிப் போனேன். நெஞ்சைச் சுற்றிக் கட்டு, தோளில் கட்டு, ஆப்பிளைக் கடிக்க அவரால் எப்படி முடியும்? அவர் மனைவி பஞ்சவர்ணம் அதை வாங்கித் தலைமாட்டில் வைத்தாள்.

இருளப்பனுக்கு அன்று காலை சாப்பிட்ட இட்லி ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. "வெளக்க அணச்ச மாதிரி இருக்கு மேடம்" என்றார். இனிமேலும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

வெளியே வந்து ஒரு காபி குடித்தேன். ஆறு நாளில் ருசித்துக் குடித்த முதல் காபி. குடித்து முடித்த பிறகுதான் ஏன் ருசித்தது என்று புரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு நடந்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

என் நீலக் கோட்டு அன்று காலையில் தோளில் கிழிந்துவிட்டது. ஸ்டோரில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, இருளப்பனுக்கு மாற்றாக வைத்திருந்த இரண்டாவது மஞ்சள் கோட்டு. தூறல் வலுத்தது. இரண்டு நிமிஷ வேலைதானே என்று அதைப் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறினேன். ஊருக்கெல்லாம் நிற்கவைத்துப் பாடம் எடுத்தவள் நான்தான்.

லாரி பம்புக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. இன்னும் பின்னுக்கு வா என்று டிரைவருக்கு வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான். அந்த டிரைவர் கேபினுக்குள் டீயை ஊற்றிக்கொண்டிருந்தானாம், என்னைப் பார்க்கவேயில்லை. பார்த்தது நல்லசாமி. பனிக்குள் ஒரு மஞ்சள் கை உயர்ந்தது. பம்பை விட்டார். அவர் செய்தது சரி.

அதுவாவது தெரியாமல் செய்த தவறு. அதற்குப் பிறகு செய்ததுதான் தாங்க முடியவில்லை. எல்லோரும் இருளப்பனைத் தூக்க ஓடினார்கள். நானும் ஓடினேன், ஆனால் அதற்கு முன்னால் சாரத்திலிருந்து இறங்கி, கோட்டைக் கழற்றிச் சுருட்டிச் சிமென்ட் சாக்குகளுக்குப் பின்னால் போட்டுவிட்டு ஓடினேன். பொத்தான்களை ஒவ்வொன்றாகத்தான் கழற்றினேன்.

செப்டம்பர் 21, சனி

சிவஞானம் சாரிடம் சொல்லப் போனேன். "சார், அன்னைக்கு நானும் சாரத்துல இருந்தேன். லாரிக்குக் கை..." என்று ஆரம்பித்ததுமே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஹெலன், பம்ப் நம்மளது இல்ல. ஆபரேட்டரும் நம்மாளு இல்ல. தப்பு அந்தப் பக்கம்னு எழுதியாச்சு. முடிஞ்சு போனதக் கிளறாதீங்க. நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல."

அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லப் போனேன், அவர்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே ஒரு சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 23, திங்கள்

இரண்டாவது சுற்று ஊற்றினோம். வேறு பம்ப், வேறு ஆபரேட்டர். நிறுத்தி ஓடவிடும் ஒவ்வொரு முறையும் சாரத்தில் இருந்த எல்லோரையும் இறக்கிவிட்டு, ஓஸ் வாயைச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டு, காற்று போன பிறகுதான் ஏறவிட்டேன். மூன்று மணி நேர வேலை ஆறு மணி நேரமானது. மூலை புடைக்கிறதா என்று நூல் கட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நூலிழை நகரவில்லை. சுவர் நன்றாக வந்திருக்கிறது. இப்படியொரு சுவரை நான் கட்டியதே இல்லை.

புது ஆபரேட்டர் டீ குடிக்கும்போது, "அந்தப் பெரியவருக்குக் கண்ணு போச்சாம்ல மேடம். இந்த வயசுல கையில பம்பக் குடுத்தது யாரு தப்பு?" என்றான். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். நானும் டீயைக் குடித்தேன்.

செப்டம்பர் 25, புதன்

மறுபடி கோவை. இருளப்பன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணந்தான். தெனம் பண்ணுது. நான் எடுக்கல மேடம்."

"ஏன்?"

"என்னத்தப் பேச? பதினோரு வருசம் மேடம். நான் கை தூக்காம ஒரு நாள் விட்டதில்ல. என் மகளுக்குக் காது குத்துறப்ப மடியில வச்சிருந்ததே அந்தாளுதான். அப்படியாப்பட்ட மனுசன் அன்னைக்கு ஏன் விட்டாரு? என்ன நெனப்புல இருந்தாரு? நீங்க பக்கத்துல நின்னீங்களே, உங்களுக்குத் தெரியுமா?"

பஞ்சவர்ணம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்றேன். மூச்சு இழுக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டேன். வலிக்கிறது என்றார்.

செப்டம்பர் 26, வியாழன்

மதியம் தெரியாத நம்பரிலிருந்து போன். நல்லசாமியின் மனைவி, பாவாயி என்றாள்.

"உங்க நம்பர இவரு போன்ல இருந்து எடுத்தனுங்க மேடம். இவருக்குத் தெரியாது. ஒண்ணு கேட்டுட்டு வச்சர்றனுங்க. இவரு கையப் பாத்தேன், மஞ்சக் கையப் பாத்தேன்னே சொல்லிட்டு இருந்தாருங்க. இப்ப அதுவும் சொல்றதில்லைங்க. நாமக்கல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போனோமுங்க. கண்ணு சுத்தமா இருக்குதுன்னுட்டாங்க. அப்படின்னா எனக்கு மூளைதான் கெட்டுப்போச்சுங்கறாரு. இல்லாத கை எனக்குத் தெரிஞ்சிருக்குதுன்னா நான் பைத்தியந்தானேங்கறாரு. வண்டி ஓட்டறதில்ல. அடுப்புப் பத்தவைக்கச் சொன்னாக்கூட வேண்டாங்கறாரு, கை தப்பிரும்ங்கறாரு. நெசமா யாருமே கை காட்டலீங்களா மேடம்? ஒருத்தருங்கூட?"

இல்லைங்க என்றேன்.

அவள் "சரிங்க மேடம், நல்லா இருங்க" என்று வைத்துவிட்டாள்.

போலீஸிடம் சொன்ன பொய்க்குப் பயம் என்று காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வேன்? அவர் வேலையைத்தான் பறித்தேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனுடைய கண்ணையும் புத்தியையும் சேர்த்தல்லவா பிடுங்கி வைத்திருக்கிறேன். என்மேல் எனக்கு வருகிற அருவருப்பை எழுத ஒரு வார்த்தை அகப்படவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

சாப்பிடவில்லை. முதல் தடவை எழுதிய காகிதத்தில் "பனியின் காரணமாக" என்று ஆரம்பித்திருந்தேன். கிழித்தேன். இரண்டாவதில் "தவிர்க்க முடியாத சூழலில்". அதையும் கிழித்தேன். மூன்றாவது "நான் கை தூக்கினேன்" என்று ஆரம்பிக்கிறது.

செப்டம்பர் 28, சனி

ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன். கோட்டையும் கொடுத்தேன். ஏட்டு இரண்டு முறை படித்தார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யாம்மா?" என்றார். அன்றைக்குச் சொன்னது என்றேன். "கேஸ் உங்க பக்கம் திரும்பும், தெரியும்ல?" தெரியும் என்றேன்.

சிவஞானம் சார் போனில் கத்தினார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு, திங்கள்கிழமை சைட்டுக்கு வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார். சுவரை யார் பார்ப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

நாலு பஸ் மாறி ராசிபுரம் போய், அங்கிருந்து ஆட்டோ. ஓட்டு வீடு, முன்னால் சிமென்ட் வாசல். நல்லசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு நாளில் ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார். "வாங்க மேடம்" என்றார். அந்த மேடத்தைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. பாவாயி மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "நீங்க பார்த்தது நிஜம்ங்க. கை தூக்கினது நான்தான்" என்றேன்.

"எந்தக் கைங்க?" என்றார் அவர்.

"வலது கை."

"மஞ்சக் கோட்டா?"

"ஆமா. ஸ்டோர்ல இருந்த இன்னொரு கோட்டு. லாரியப் பின்னுக்கு எடுக்கச் சொல்லித் தூக்கினேன். ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டேன்."

"முழங்கைக்கு மேல தூக்குனீங்களா, கீழயா?"

"மேலே. முழுசா."

"ஆமா" என்றார். "ஆமா. அப்படித்தான் தெரிஞ்சுது." பிறகு உள்ளே பார்த்து, ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார். "பாவாயி! ஏ பாவாயி! கை இருந்துச்சாமா! நான் பாத்தது நெசந்தானாமா!"

அவள் நிலைப்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நான் கேட்டப்பக்கூட இல்லைன்னீங்களே" என்றாள். என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். பாதி மோர் அதில் இருந்தது.

நல்லசாமி அழுதார். துண்டால் முகத்தை மூடிக்கொள்ளக்கூட இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அப்போது அதைச் சொன்னால் அவர் அழுகையை நிறுத்திவிட்டு எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சும்மா இருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர், "இருளப்பனுக்குத் தெரியுமுங்களா?" என்றார். இல்லை என்றேன். "என் போன எடுக்க மாட்டேங்கறான். உங்க போன்ல போடுங்க. நீங்களே சொல்லுங்க. சத்தமா வச்சுச் சொல்லுங்க."

போட்டேன். இருளப்பன் உடனே எடுத்தார். "மேடம், சொல்லுங்க." ஸ்பீக்கரில் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. சொன்னேன். கோட்டு, கை, வாக்குமூலம், ஆஸ்பத்திரியில் அவர் கேட்டபோது தெரியாது என்றது, எல்லாம். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"அண்ணே அங்கிட்டு இருக்காரா?" என்றார் கடைசியில்.

"இருக்கார்."

"போன அவருட்ட குடுங்க."

கொடுத்தேன். நல்லசாமி அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "தம்பி" என்றார். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் இரண்டு பேரும் அழுததுதான் கேட்டது. அப்புறம் பேச ஆரம்பித்தார்கள். நெஞ்சுக் கட்டு எப்போது பிரிப்பார்கள், மகள் பள்ளிக்கூடம் போகிறாளா, கண்ணாஸ்பத்திரியில் என்னென்ன சொட்டு விட்டார்கள். நல்லசாமி பேசிக்கொண்டே எழுந்து உள்ளே போனார். பாவாயியும் பின்னாலேயே போனாள்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. போயிருப்பேன். ஆனால் போன் என்னுடையது. உள்ளே போய்க் கேட்க எனக்கு வாய் இல்லை. வெயிலில், வாசலில், செருப்பைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். காலையிலிருந்து சார்ஜ் போடவில்லை, அவர்கள் பேசி முடிக்கும்வரை அது தீர்ந்துவிடக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன்.